டம்னோன் சதுவாக் மிதக்கும் சந்தை: துடுப்புப் படகே எடுங்கள்

கெடாவில் பீடோங், சுங்கைப்பட்டாணி பக்கத்து ஆட்களுக்கு மிதக்கும் சந்தை என்றால் தாய்லாந்தின் ஹட்யாயில் இருக்கும் குளோங் ஹே தான். கோயிலில் பஸ் போட்டாலும் அங்கேதான் கொண்டுபோய் இறக்குவார்கள். நல்ல இடம்தான், சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஆனால் அங்கே வியாபாரிகள் படகில் இருப்பார்கள், நாம் கரையில் நின்று வாங்குவோம். நாமே படகில் உட்கார்ந்து கடை கடையாகப் போக வேண்டும் என்றால் ராட்சபுரி மாநிலத்து டம்னோன் சதுவாக் வரைக்கும் போகத்தான் வேண்டும். பேங்காக்கிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர்.

அம்மாவையும் எதிர்வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். சுங்கைப்பட்டாணியில் கொமுட்டர் ரயில் பிடித்து எல்லையில் இருக்கும் பாடாங் பெசார், அங்கிருந்து பேங்காக் போகும் இரவு ரயில். படுக்கை உண்டு, வயதானவர்களுக்கு பஸ்ஸைவிட இதுதான் சுகம். பேங்காக்கில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு விடிவதற்கு முன்பே வேனில் கிளம்பினோம். அங்கே நம் நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால் என்பதால், அம்மாவுக்கு அந்த நேரத்தில் எழுவது ஒரு பொருட்டாகவே இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் தோட்டத்தில் விடிகாலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போனவர்.

முதலில் சொல்ல வேண்டியது படகுத் துறையைப் பற்றி. சந்தைக்குப் போகும் சாலையில் தனியார் துறைகள் நிறைய. எங்கள் வேன்காரர் ஒன்றும் சொல்லாமல் அப்படி ஒரு துறையில் நிறுத்திவிட்டார். மோட்டார் படகுக்கு 2,000 பாட் என்றார்கள், “சந்தைக்குள் போக வேறு வழியே இல்லை” என்றும் சொன்னார்கள். அது உண்மையில்லை. சந்தை வரைக்கும் சாலை போகிறது. நான் இறங்காமல் உட்கார்ந்துகொண்டு, சந்தை வாசலுக்கே விடச் சொன்னேன். கொஞ்சம் முகம் சுளித்தார், ஆனால் விட்டார். அங்கே துடுப்புப் படகுக்கு ஆளுக்கு 150 பாட். நம் காசில் இருபது வெள்ளி (ரிங்கிட்) பக்கம்.

மோட்டார் படகு வேகமாகப் போகும், வழியில் தென்னந்தோப்புகளையும் காட்டுவார்கள். ஆனால் அதில் மாட்டியிருப்பது பழைய காடி (கார்) எஞ்சின். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. சந்தைக்குள் துடுப்புப் படகுதான் பொருத்தம். மெதுவாகப் போகும், கையை நீட்டினால் அடுத்த படகின் அடுப்புச் சூடு தெரியும். கால்வாய் குறுகலான இடத்தில் படகுகள் ஒன்றோடு ஒன்று இடித்து அப்படியே நின்றுவிடும். யாரும் சத்தம் போடுவதில்லை, கையால் தள்ளிவிட்டுக்கொண்டு போகிறார்கள். உங்கள் விரல்களை மட்டும் படகின் ஓரத்தில் வைக்காதீர்கள்.

எங்களுக்குத் துடுப்புப் போட்ட பெண்மணிக்கு அறுபது தாண்டியிருக்கும். நீலச் சாயச் சட்டை, தலையில் ஓலைத் தொப்பி. நான் தையல்காரி, துணிமணியையும் பின்னலையும் விடமாட்டேன், அந்தத் தொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மேலே ஓலை, உள்ளே மூங்கில் பிளாச்சில் பின்னிய தனி வளையம். தலை அந்த வளையத்தில்தான் உட்காரும், ஓலை தலையில் படவே படாது. நடுவில் காற்று போய்வர இடம் இருக்கிறது. அம்மா அதைத் தலையில் வைத்துப் பார்த்துவிட்டு, “வேலைக்காட்டுல இது ஒன்னு இருந்திருந்தா துண்டு கட்டி வேர்த்துச் செத்திருக்க வேணாம்” என்றார். தொப்பி ஒன்று வாங்கினோம், 120 பாட். அந்த விலைக்குத் தாராளமாகத் தகும்.

மற்ற உடுப்புகளை வாங்காதீர்கள். யானைப் படம் போட்ட கால்சட்டை, பூப்போட்ட சட்டை எல்லாம் மெல்லிய ரேயான். உள்தையல் ஒற்றை வரிதான், ஓரம் அடிக்கவில்லை. இரண்டு துவைப்பில் கவட்டைப் பக்கம் பிரிந்துவிடும். இதே சரக்கு பாடாங் பெசாரில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. சொல்கிற விலையில் பாதியில் ஆரம்பித்துப் பேசலாம், கால்குலேட்டரை நீட்டுவார்கள், அதில் தட்டினால் போதும்.

பணத்தைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் முதலில் கிடைத்தது கனோம் குரோக். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் ஊற்றி, நம் பணியாரச் சட்டி மாதிரியே குழியுள்ள சட்டியில் சுடுகிறார்கள். அடி மொறுமொறுவென்று, நடுவில் பால் இன்னும் குழைந்தபடி இருக்கும். மேலே வெங்காயத்தாள் தூவியதை அக்கா இரண்டாவது தட்டும் கேட்டு வாங்கினார். மாம்பழமும் புளுட் அரிசியும் (ஒட்டும் அரிசி) அருமை, மாம்பழத்தைக் கண்ணெதிரில் சீவித் தருகிறார்கள். படகு நூடுல்ஸ் மட்டும் கேட்டுச் சாப்பிடுங்கள். அந்தக் குழம்பில் பன்றி அல்லது மாட்டு இரத்தம் கலப்பது வழக்கம். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் “நுவா” என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம், பன்றிக்கு “மூ”. சைவக்காரர்கள் “ஜே” என்று கேட்க வேண்டும். அந்த எழுத்து போட்ட மஞ்சள் கொடி கண்ணில் படாத இடத்தில் பழம், பணியாரம், தேங்காய் ஐஸ்கிரீமோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

“எல்லாம் டூரிஸ்ட்டுக்காகப் போட்ட வேஷம்” என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்தக் கால்வாய் நான்காம் ராமா மன்னர் காலத்தில் 1866-இல் வெட்டத் தொடங்கி 1868-இல் முடிந்தது. மே குளோங் ஆற்றையும் தா சின் ஆற்றையும் இணைக்க 32 கிலோமீட்டர் நீளத்துக்கு வெட்டினார்கள். தோட்டத்துக் காய்கறியும் பழமும் இதன் வழியாகத்தான் போயின. பிறகு சாலை வந்தது, சரக்கு லாரிக்கு மாறியது. இன்று சுற்றுலாக்காரர்களை நம்பித்தான் சந்தை ஓடுகிறது, உண்மைதான். ஆனாலும் விடிகாலையில் எழுந்து, ஆடும் படகில் அடுப்புப் பற்றவைத்து, அதே கையால் மாவு ஊற்றி, காசு வாங்கி, படகையும் நகர்த்துகிற பெண்கள் வேஷம் போடவில்லை. அது அவர்கள் பிழைப்பு. சாப்பாட்டு விலையில் பேரம் பேசாதீர்கள்.

எட்டு மணிக்குள் போய்ச் சேருங்கள். ஒன்பதரைக்கு மேல் டூர் பஸ்கள் வந்துவிட்டால் படகு நகராது, வெயிலும் ஏறிவிடும். முட்டி வலி உள்ளவர்கள் கரையில் படியும் கைப்பிடியும் இருக்கும் இடமாகப் பார்த்து ஏறுங்கள். படகு தாழ்வாக இருக்கும், உட்கார்ந்தபடியே நடுவுக்கு நகர்ந்துவிட வேண்டும். காலையில் எழ முடியாதவர்கள் வெள்ளி முதல் ஞாயிறு வரை மதியத்துக்கு மேல் கூடும் அம்பாவா சந்தைக்குப் போகலாம். அது பக்கத்து சமுட் சொங்க்ராம் மாநிலத்தில் இருக்கிறது, இரவில் மின்மினி பார்க்கப் படகும் கிடைக்கும்.