மொட்டை மாடி தட்டோடு வேலை: ரெண்டு மழைக்காலம் பார்த்துட்டு எழுதுறேன்

மடிப்பாக்கத்துல எங்க வீடு 1996-ல கட்டினது. மொட்டை மாடி 780 சதுர அடி. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேல தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதிச்சது. அந்த மாடியை 2024 மே மாசம் சரி பண்ணிக் கொடுத்த மேஸ்திரியைப் பத்திதான் இந்த விமர்சனம். வேலை முடிஞ்ச கையோட எழுதியிருந்தா 5-க்கு 5 போட்டிருப்பேன். ரெண்டு மழை போகட்டும்னு பொறுத்திருந்தேன். ஏற்கெனவே ஒரு தடவை அவசரப்பட்டு பாராட்டி மூக்கு உடைஞ்சவ நான்.

அந்தக் கதையை முதல்ல சொல்லிடுறேன். 2023 செப்டம்பர்ல ஒரு வாட்டர்ப்ரூஃபிங் கம்பெனியைக் கூப்பிட்டோம். பேரு வேண்டாம். ஒரே மாதிரி டீ-சர்ட் போட்ட ரெண்டு பசங்க வந்தாங்க, லேப்டாப்ல படம் காட்டினாங்க, 10 வருஷ வாரண்டின்னாங்க. சதுர அடிக்கு 45 ரூபாய், மொத்தம் 35,100. முந்தின நாள் ராத்திரிதான் மழை பெய்ஞ்சிருந்தது. ஓட்டுக்கு மேல காத்தடிச்சுக் காய வச்சுட்டு, அன்னிக்கே வெள்ளைப் பூச்சு ரெண்டு கோட் அடிச்சுட்டுப் போயிட்டாங்க. மாடி பளபளன்னு இருந்தது. அத்தை மேல ஏறிப் பார்த்துட்டு, "இதுல வடாம் புழியலாமா?"ன்னு கேட்டாங்க. நானும் பெருமையா தெரிஞ்சவங்களுக்கெல்லாம் அவங்க நம்பரைக் கொடுத்தேன்.

டிசம்பர்ல மிக்ஜாம் புயல். 4-ஆம் தேதி விடியக்காலை படுக்கையறை ஃபேன் கொக்கி வழியா சொட்டு ஆரம்பிச்சது. ஏரியாவுல கரண்ட் ஏற்கெனவே போயிருந்ததால தப்பிச்சோம். மழை விட்டு மேல போய்ப் பார்த்தா பூச்சு முழுக்கக் கொப்புளம். விரலால அமுக்கினா உள்ள தண்ணி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகருது. ஈரத்தை உள்ளயே வச்சு மூடி போட்ட கதை. கம்பெனிக்கு போன் பண்ணினா, வாரண்டியோட ரெண்டாம் பக்கத்தைப் பாருங்கன்னாங்க. பொடி எழுத்துல, தேங்கி நிற்கும் நீரால் வரும் கசிவுக்கு வாரண்டி பொருந்தாதுன்னு போட்டிருக்கு. தேங்காத தண்ணி எதுக்குங்க ஒழுகப்போகுது?

சரி, மேஸ்திரிக்கு வர்றேன். திருவண்ணாமலைப் பக்கத்து ஆளு, வயசு அறுபது இருக்கும். அடுத்த தெருவுல ஒரு கட்டடத்துல வேலை பார்த்துட்டிருந்தவரை வழிமறிச்சுக் கூட்டிட்டு வந்தேன். வந்தவுடனே விலை பேசலை. ஒரு பக்கெட் தண்ணி கேட்டார். மாடி நடுவுல ஊத்திட்டு, குத்துக்கால் போட்டு உக்காந்து, பத்து நிமிஷம் அது போற போக்கையே பார்த்துட்டிருந்தார். அப்புறம், "பாருமா, கொழா இந்தாண்ட கீது, தண்ணி அந்தாண்ட போவுது" அப்படின்னார். தென்மேற்கு மூலையில தரை இறங்கியிருக்கு. போதாததுக்கு மழைநீர் குழாய் வாய் ஓட்டுத் தளத்தை விட அரை அங்குலம் உசரம். 28 வருஷமா அந்த மூலையில தண்ணி நின்னுட்டிருக்கு, எங்க யார் கண்ணுலயும் படலை.

சின்ன மாடிதானேன்னு நினைக்கிறோம். 10 செ.மீ. மழை பெய்ஞ்சா எங்க மாடியில மட்டும் 7,000 லிட்டருக்கு மேல விழுது. அவ்வளவும் ரெண்டே ரெண்டு 4 அங்குலக் குழாய் வழியா இறங்கணும். அதுல ஒரு குழாயோட ஜாலியை (வாயில இருக்கற வலைமூடி) பக்கத்து வீட்டு வேப்ப இலை பாதி அடைச்சிருந்தது.

ஃபேன் கிட்ட ஒழுகினது மட்டும் அந்த மூலையிலிருந்து பத்தடி தள்ளி. அதைக் கண்டுபிடிச்ச விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கீழ வந்து உஜாலா நீலம் இருக்கான்னு கேட்டார். மாடியில மண்ணால சின்னதா ஒரு வரப்பு கட்டி, நீலம் கலந்த தண்ணியை நிறுத்தினார். மறுநாள் காலையில ஒண்ணுமில்லை. வரப்பை நாலடி நகர்த்திக் கட்டினார். அதுக்கு மறுநாள் ஃபேன் கொக்கியைச் சுத்தி லேசா நீலம். மேல அந்த இடத்துல என்னன்னு பார்த்தா, பழைய டிஷ் ஆன்டெனாவைக் கழட்டின நாலு போல்ட் ஓட்டை! டிஷ்ஷைத் தூக்கிப் போட்டு நாலு வருஷம் ஆச்சு. கம்பெனிப் பசங்க ஓட்டையை அடைக்காம அது மேலயே பூச்சு அடிச்சிருக்காங்க.

இறங்கின மூலையில 260 சதுர அடியை மட்டும் பேர்த்தெடுத்தார். மாடி முழுக்கப் பேர்க்கணும்னு சொல்லி அவர் இன்னும் ஒரு லட்சம் கேட்டிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது, கொடுத்திருப்பேன். தண்ணி விட்டு நீத்த சுண்ணாம்பும் ஊற வச்ச செங்கல் ஜல்லியும் கலந்து, மணல் சேர்க்காம, 3 அங்குலம் பரப்பினாங்க. ரெண்டு சித்தாளும் அவரும் வரிசையா உக்காந்து மரக்கட்டையால அடி அடின்னு அடிச்சாங்க. நடுநடுவுல கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியைத் தெளிச்சாங்க. எத்தனை நாள் அடிக்கணும்னு கேட்டேன். "கட்டை துள்ளணும்மா, அப்பதான் நிறுத்தலாம்" அப்படின்னார். முதல் நாள் சத்தம் மொத்து மொத்துன்னு கேட்டது. நாலாம் நாள் டக்கு டக்குன்னு மாறிடுச்சு. அத்தைக்கு அந்தச் சத்தம் கேட்டதும் 1996 ஞாபகம் வந்து, மாமனார் கதையெல்லாம் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.

மேல புது தட்டோடு பதிச்சு, மிச்ச மாடியில பூச்சையெல்லாம் செதுக்கி, ஓட்டு இடுக்கைச் சுரண்டி, காவி கலந்த கலவை அடைச்சு, குழாய் வாயை இறக்கிக் கொடுத்தார். கைப்பிடிச்சுவரும் தளமும் சேர்ற இடத்துல சுத்தி வளைவா கலவை பூசினார். விரிசல்ல முளைச்சிருந்த அரசங்கன்றை பிடுங்க விடலை. மேல பிடுங்கினா வேர் உள்ளயே இருந்து திரும்ப வரும்னு, சுவரைக் கொத்தி வேரோட எடுத்துட்டுத்தான் பூசினார்.

கடைசியா சோதனை. குழாயை சாக்கும் களிமண்ணும் வச்சு அடைச்சு, மாடியைப் பாத்தி பாத்தியா பிரிச்சு, ஒண்ணு மாத்தி ஒண்ணுல 2 அங்குலம் தண்ணி நிறுத்தி 48 மணி நேரம் பார்த்தோம். ஏன் ஒரே தடவையா நிரப்பக் கூடாதுன்னு என் பையன் கேட்டான். அவனையே கணக்கு போடச் சொன்னார். தண்ணி எடை மூணரை டன்னுக்கு மேல வந்தது, பையன் அப்புறம் வாயைத் திறக்கலை.

மொத்தச் செலவு 58,000 ரூபாய். வாரண்டி கிடையாது, ரசீது கிடையாது. ஆனா வருஷா வருஷம் புரட்டாசியில வந்து அரை நாள் பார்த்துட்டுப் போறார், கூலி 1,200. ஜாலி, குழாய், இடுக்கு, சன்ஷேட் மேல சேர்ற மண்ணு, மழைநீர் சேகரிப்புக் குழி எல்லாம் அதுலயே அடக்கம்.

2024 அக்டோபர் மழைக்கு வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்துல ஜனங்க காரை வரிசையா நிறுத்தின கூத்து ஞாபகம் இருக்கும். அந்த வாரம் எங்க தெருவுல முழங்கால் தண்ணி, ஃபேனுக்குக் கீழ தரை மட்டும் காய்ஞ்சு கிடந்தது. ஃபெஞ்சல் புயல் வந்தப்பவும் சொட்டு இல்லை. 2025 மழையும் அப்படியே போச்சு.

குறை இல்லாம இல்லை. திங்கக்கிழமை வர்றேன்னவர் வெள்ளிக்கிழமை வந்தார், நடுவுல போன் சுவிட்ச் ஆஃப். பேர்த்த இடிபாடு நாப்பது மூட்டை, அஞ்சு நாள் மாடிப்படியிலயே கிடந்தது. அத்தை அதுல தடுக்கி விழப் பார்த்தாங்க. அகற்றுற கூலியை முன்னாடி சொல்லவே இல்லை, கடைசியில 3,500 தனியா வாங்கிட்டார், அது 58,000-ல சேராது. புது ஓடும் பழைய ஓடும் நிறம் சேரலை, ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்கு. நம்பர் கேக்காதீங்க, கை நிறைய வேலை இருக்குன்னு அவரே வேண்டாம்னுட்டார்.

5-க்கு 4 கொடுக்கிறேன். மாடிப்படி மேல இருக்கிற சின்னக் கூரையையும் சேர்த்துப் பண்ணிடலாம், 9,000 ஆகும்னு அப்பவே சொன்னார். நான்தான் அப்புறம் பார்க்கலாம்னு தட்டிக் கழிச்சேன். இந்த மழைக்கு அங்க ஓதம் ஏறி, சுண்ணாம்பு பொரிஞ்சு உதிருது. போன் பண்ணினேன். எப்ப வருவீங்கன்னு கேட்டதுக்கு, "வெயில் ஏறட்டும்மா"ன்னுட்டு வச்சுட்டார்.