ஸ்விட்ச் 2: வதந்தி சொன்ன விலையும் உண்மையில் ஆகும் செலவும்

நின்டெண்டோ நிறுவனத்தின் கேம் கன்சோலான ஸ்விட்ச் 2 வெளிவருவதற்கு முன் அதைப் பற்றிக் கிளம்பிய வதந்திகளை ஒன்றுவிடாமல் படித்தவள் நான். கருவி கைக்கு வந்து நன்றாகப் பழகிய பிறகு எழுதுகிறேன். அந்த வதந்திகள் கருவியைப் பற்றிச் சொன்னவற்றில் பெரும்பகுதி அப்படியே நடந்தது. விலையைப் பற்றிச் சொன்னது நடக்கவில்லை. அடுத்த கன்சோலுக்காகக் காசு சேர்த்துக்கொண்டிருப்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் இந்த விமர்சனத்தில் விலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் கருவி. 7.9 அங்குலத் திரை, 1080பி, 120 ஹெர்ட்ஸ். உள்ளே 256 ஜிபி சேமிப்பு. பழைய ஸ்விட்சில் இருந்தது வெறும் 32. டாக் என்ற தாங்கியில் வைத்து டிவியில் இணைத்தால் 4கே வரை படம் தருகிறது. என்விடியாவின் சிப் என்பதால் டிஎல்எஸ்எஸ் உண்டு. அதாவது கேம் குறைந்த தெளிவில் வரையும் படத்தை, சிப் கணக்குப் போட்டுக் கூர்மையாக்கிக் காட்டும். இவற்றில் பெரும்பாலானவை அறிவிப்புக்கு வெகுநாள் முன்பே பேசப்பட்டவை. ஜாய்கான், அதாவது கருவியின் இரு பக்கமும் மாட்டும் கன்ட்ரோலர், இனிமேல் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் என்ற செய்தியும் அப்படித்தான் முன்கூட்டியே வந்தது.

அந்தக் காந்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். பழைய ஸ்விட்சில் ஜாய்கானை மேலிருந்து தண்டவாளத்தில் சறுக்கி இறக்க வேண்டும், கொஞ்சம் கோணினாலும் பிடித்துக்கொள்ளும். இதில் பக்கத்தில் கொண்டுபோனாலே போதும், ‘டக்’ என்று தானே இழுத்து ஒட்டிக்கொள்கிறது. கழற்றுவதற்குப் பின்பக்கம் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். அழுத்தாமல் எவ்வளவு ஆட்டினாலும் வராது. வதந்திக் காலத்தில் ‘காந்தம் என்றால் விளையாடும்போது கழன்று விழும்’ என்று பயந்தவர்கள் நிறையப் பேர். கருவியை ஒற்றை ஜாய்கானில் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை.

ஜாய்கானைப் பக்கவாட்டில் மேசைமேல் கிடத்தினால் மவுஸ் ஆகிவிடும். இதையும் முன்பே யூகித்திருந்தார்கள். ஆனால் இது இவ்வளவு துல்லியமாக வேலை செய்யும் என்று யாரும் சொல்லவில்லை. சோபாவின் கைப்பிடியில், தொடைமேல் போட்ட துணியில் கூட அம்புக்குறி நேராக ஓடுகிறது. ஆனால் விளிம்பு மெலிசு என்பதால் மணிக்கணக்கில் பிடித்தால் விரல் வலிக்கும்.

கருவியின் மேற்பக்கத்தில் இரண்டாவதாக ஒரு யுஎஸ்பி-சி துளை கொடுத்திருக்கிறார்கள். சின்ன விஷயம்தான். ஆனால் கருவியை மேசையில் நிறுத்தி வைத்து விளையாடும்போதே சார்ஜ் போட முடிகிறது. பழைய ஸ்விட்சில் அது அடியில் மட்டும் இருந்ததால் மேசையில் நிறுத்தி வைத்துக்கொண்டே சார்ஜ் போட முடியாது. பேட்டரி இரண்டு மணியிலிருந்து ஆறரை மணி நேரம் வரை என்று நின்டெண்டோவே சொல்கிறது. பெரிய கேம் ஆடுபவர்கள் அந்த ‘இரண்டு’ பக்கத்தையே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மேல்துளையின் அருமை அப்போது தெரியும்.

திரை எல்சிடி. 2021இல் வந்த ஓஎல்இடி ஸ்விட்சிலிருந்து மாறுபவர்களுக்கு இருட்டான காட்சிகளில் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத் தெரியும். பளிச்சென்ற வண்ணங்கள் நிறைந்த கேம்களில் எனக்கு அது உறுத்தவில்லை. குகையும் இரவும் நிறைந்த கேம்களில் உறுத்துகிறது.

சரி, விலைக்கு வருவோம்.

அறிவிப்புக்கு முன் ஓராண்டாகவே எங்கு பார்த்தாலும் 400 டாலர் என்ற எண்தான். ஆய்வாளர்கள் சொன்னார்கள், யூடியூபில் சொன்னார்கள், என் தம்பியும் சொன்னான். “அக்கா, 399தான், வேணும்னா எழுதி வச்சுக்கோ” என்று அடித்துச் சொன்னான். அவன் அப்படிச் சொன்னதற்கு நியாயமும் இருந்தது. 2017 மார்ச்சில் முதல் ஸ்விட்ச் 299.99 டாலருக்கு வந்தது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளின் விலைவாசி ஏற்றத்தை அதன்மேல் போட்டால் கிட்டத்தட்ட 400தான் வரும்.

2025 ஏப்ரல் 2 அன்று ஒரு மணி நேர நிகழ்ச்சியில் கருவியைக் காட்டினார்கள். கேம்களைக் காட்டினார்கள், தேதியைச் சொன்னார்கள்: ஜூன் 5. விலையை மட்டும் நிகழ்ச்சியில் சொல்லவே இல்லை. அது முடிந்த பிறகு தனியாக வெளியிட்டார்கள். 449.99 டாலர். மரியோ கார்ட் வேர்ல்டு சேர்த்து வாங்கினால் 499.99. அந்த கேமை மட்டும் தனியாக வாங்கினால் 79.99.

கன்சோல் விலையில் 50 டாலர் ஏறியதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கருவி அதற்குத் தகுதியானது. ஆனால் ஒரு கேமுக்கு 80 டாலர் என்பதை, பல மாதங்களாக ஓடிய அந்த 400 டாலர் பேச்சு எதுவும் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. கன்சோலை ஒரு தடவைதான் வாங்குகிறோம். கேமை அதன் ஆயுள் முழுக்க வாங்கிக்கொண்டே இருக்கிறோம். அப்படியானால் எதைப் பற்றி அதிகம் யூகித்திருக்க வேண்டும்?

அமெரிக்க வெளியீட்டு விலையை வைத்து ஒரு பில் போட்டுக் காட்டுகிறேன். மரியோ கார்ட் சேர்ந்த பெட்டி 499.99. டிவியில் வசதியாக விளையாட ப்ரோ கன்ட்ரோலர் 84.99. மெமரி கார்டு விஷயத்தில்தான் பலரும் திகைக்கிறார்கள். ஸ்விட்ச் 2இல் மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற புது வகைக் கார்டில் மட்டுமே கேம்களை ஏற்ற முடியும். பழைய கார்டைப் போட்டால் அதிலிருக்கும் படங்களையும் வீடியோக்களையும் நகலெடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். புது வகையில் 256 ஜிபி கார்டு சுமார் 60 டாலர். மொத்தமாகக் கூட்டுங்கள்: கிட்டத்தட்ட 645 டாலர். வீட்டில் எல்லோரும் பேசி முடிவெடுத்தது 400க்கு. இடையில் இருக்கும் இந்த 245 டாலரைப் பற்றி முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால், அவர்தான் உண்மையில் உபயோகமான வதந்தியைச் சொன்னவர்.

கருவியைப் பற்றிய கசிவுகள் இவ்வளவு சரியாகவும் விலையைப் பற்றியவை இவ்வளவு தவறாகவும் இருப்பது ஏன்? ஒரு கன்சோலின் பாகங்கள் பல மாதங்களுக்கு முன்பே பல கைகள் மாறுகின்றன. சிப் ஓர் இடத்தில், திரை வேறோர் இடத்தில், கேஸ் செய்பவருக்கு முன்கூட்டியே அளவு வேண்டும், கேம் செய்பவருக்கு மாதிரிக் கருவி வேண்டும், சரக்கு அனுப்பும்போது ஆவணம் வேண்டும். இத்தனை கைகளில் ஒன்றாவது வாய்விடும். 2025 ஜனவரியில் லாஸ் வேகஸில் நடந்த சிஇஎஸ் மின்னணுப் பொருள் கண்காட்சியில் துணைப்பொருள் செய்யும் ஒரு நிறுவனம், நின்டெண்டோ கருவியைக் காட்டும் முன்பே அதன் அளவிலான மாதிரியை மேசைமேல் வைத்துக் காட்டிவிட்டது. விலை அப்படி எந்தக் கையும் மாறுவதில்லை. ஒரு சில பேர் தங்களுக்குள் வைத்திருக்கும் எண் அது. கடைசி நிமிடத்தில்கூட அதை மாற்றலாம்.

மாற்றுவதற்கு நல்ல காரணமும் இருக்கும். 1995இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த முதல் இ3 வீடியோ கேம் கண்காட்சியில் சேகா நிறுவனம் தன் சாட்டர்ன் கன்சோல் 399 டாலர் என்று அறிவித்தது. அடுத்து பிளேஸ்டேஷன் செய்யும் சோனியின் ஆள் மேடைக்கு வந்து, “299” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். பிளேஸ்டேஷனின் வெற்றியைப் பற்றிப் பேசுகிற யாரும் அந்த ஓர் எண்ணை மறப்பதில்லை. 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் 499 என்று அறிவித்த அதே நாள் மாலை பிளேஸ்டேஷன் 4 399 என்றார்கள். எதிராளி வாயைத் திறக்கும்வரை காத்திருக்கும் ஆட்டம் இது. ஓராண்டுக்கு முன்பே அந்த எண் ஒருவருக்குத் தெரியும் என்றால் நம்புவது கடினம்.

விலைக் கசிவு உண்மையாவதும் உண்டு, ஆனால் கடைசி நேரத்தில்தான். 2020 செப்டம்பரில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் படத்தோடும் 299 டாலர் விலையோடும் கசிந்தது. மைக்ரோசாஃப்டும் உடனே ஒப்புக்கொண்டது. விளம்பரம் தயாராகி, கடைகளுக்குத் தகவல் போன பிறகு வரும் கசிவு வேறு, ஓராண்டுக்கு முன் வரும் யூகம் வேறு. கடைகளின் தளத்தில் முன்கூட்டியே தெரியும் விலையையும் நம்ப வேண்டாம். பக்கம் காலியாக இருக்கக் கூடாதே என்று போட்டுவைத்த எண்ணாகவே அது பெரும்பாலும் இருக்கும்.

பாதி உண்மையான வதந்திதான் இன்னும் ஆபத்து. 2021இல் ‘ஸ்விட்ச் ப்ரோ’ வரப்போகிறது, ஓஎல்இடி திரை, டிவியில் 4கே என்று பேச்சு. ஜூலையில் அறிவிப்பு வந்தது. திரை வந்தது, 4கே வரவில்லை. 349.99 டாலர். அந்த 4கேவுக்காகக் காத்திருந்தவர்கள் மேலும் நான்கு ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

அதிகாரபூர்வ விலை வந்த பிறகும் நிம்மதி இல்லை என்பதையும் ஸ்விட்ச் 2 காட்டியது. விலையைச் சொன்ன அதே ஏப்ரல் 2 அன்று அமெரிக்க அரசு இறக்குமதி வரிகளை அறிவித்தது. ஏப்ரல் 9க்கு இருந்த அமெரிக்க முன்பதிவைத் தள்ளிவைத்தார்கள். 24ஆம் தேதி திறந்தபோது கன்சோல் விலை அப்படியே இருந்தது. ஆனால் துணைப்பொருட்கள் ஏறிவிட்டன: ப்ரோ கன்ட்ரோலர் 79.99இலிருந்து மேலே சொன்ன 84.99க்கு, ஜாய்கான் ஜோடி 89.99இலிருந்து 94.99க்கு. பெரிய எண்ணைத் தொடாமல் சின்ன எண்களை ஏற்றினால் யாரும் அதிகம் பேச மாட்டார்கள் போல.

‘விலை இறங்கட்டும், பிறகு வாங்குகிறேன்’ என்று இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது ஒரு காலத்தில் நல்ல யோசனைதான். 2000இல் 299க்கு வந்த பிளேஸ்டேஷன் 2, 2002இல் 199க்கும் 2009இல் 99க்கும் இறங்கியது. நின்டெண்டோவே 2011இல் 3டிஎஸ் என்ற கையடக்கக் கருவியை 249.99க்கு விட்டு, விற்பனை மந்தமானதும் சில மாதங்களிலேயே 169.99 ஆக்கியது. இப்போது ஓட்டம் எதிர்த்திசையில். 2020இல் 499க்கு வந்த பிளேஸ்டேஷன் 5, 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் 549.99. எட்டு வயதான பழைய ஸ்விட்ச்கூட அதே மாதம் 339.99 ஆனது. சிப்பைச் சிறிதாக்கி உற்பத்திச் செலவைக் குறைப்பது முன்போல் எளிதாக இல்லை. அதன்மேல் வரியும் சேர்கிறது.

அப்படியென்றால் ஸ்விட்ச் 2 வாங்கலாமா? உங்களிடம் பழைய ஸ்விட்ச் கேம்கள் நிறைய இருந்தால் தயங்காமல் வாங்கலாம். எந்த வதந்தியும் சரியாக எடுத்துச் சொல்லாத நல்ல விஷயம் இது. போகிமான் ஸ்கார்லெட், வயலெட் இரண்டும் பழைய கருவியில் திக்கித் திணறும். இங்கே இலவச அப்டேட்டிலேயே வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. பிரெத் ஆஃப் தி வைல்டு கேமின் அப்டேட்டுக்கு 9.99 டாலர் கட்ட வேண்டும். ஏற்கெனவே முடித்த கேமுக்கு மறுபடியும் காசா என்று தோன்றும். ஆனால் காட்டுக்குள் குதிரையில் போகும்போது அந்தச் சீரான அசைவைப் பார்த்தால் கொடுத்த காசு பெரிதாகத் தெரியவில்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் கேம்-கீ கார்டு விஷயத்தைக் கவனியுங்கள். கடையில் இந்த வகைக் கார்டை வாங்கினால் அதற்குள் கேம் இருக்காது, முழுவதையும் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். அட்டைப்பெட்டியின் முன்பக்கம் கீழேயே போட்டிருப்பார்கள். சைபர்பங்க் 2077 போன்ற பெரிய கேமே 64 ஜிபி கார்டில் முழுசாக வந்திருக்கும்போது மற்றவர்கள் ஏன் செய்யவில்லை என்ற கோபம் எனக்கு நிஜமாகவே உண்டு. கார்டில் இல்லாத கேம் உங்கள் 256 ஜிபியைத் தின்னும். அது நிறைந்ததும் 60 டாலர் கார்டு வாங்க வேண்டிவரும். ஆனால் முதல் நாளே அந்தக் கார்டை வாங்க வேண்டாம். உள்ளே இருக்கும் இடம் சில மாதங்கள் தாங்கும். ப்ரோ கன்ட்ரோலரும் அப்படித்தான். பழைய ஸ்விட்ச் ப்ரோ கன்ட்ரோலர் இருந்தால் அது இதிலும் வேலை செய்யும். இப்படித் தள்ளிப்போட்டால் 645 டாலர் பில் முதல் நாளில் 500ஆகிவிடும்.

அடுத்த பிளேஸ்டேஷனுக்கும் அடுத்த எக்ஸ்பாக்ஸுக்கும் இப்போதே விலை எண்கள் உலவத் தொடங்கிவிட்டன. தம்பி அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறான். சிப்பைப் பற்றி வந்தால் ஆர்வமாகப் படிக்கிறேன். விலையைப் பற்றி வந்தால், “கேம் எவ்வளவாம், கன்ட்ரோலர் எவ்வளவாம், டிஸ்க் போடும் இடம் இருக்கிறதாமா?” என்று திருப்பிக் கேட்கிறேன். பிளேஸ்டேஷன் 5 ப்ரோ 699.99 டாலருக்கு வந்தபோது டிஸ்க் டிரைவைத் தனியாகத்தானே வாங்க வேண்டியிருந்தது. இவற்றுக்கெல்லாம் பதில் வரும்வரை கையிலிருக்கும் கன்சோலை விற்றுவிடாதீர்கள்.