பனிக்குழியா, முன்னறிவிப்பா?

ஜூன் விடுமுறைக்கு நியூசிலாந்து, சீனப் புத்தாண்டை ஒட்டி ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள நிசேக்கோ என்று நம்மவர்களும் இப்போது பனிச்சறுக்கப் போகிறார்கள். சிலர் ரிசார்ட் எல்லையைத் தாண்டி, யாரும் பராமரிக்காத சரிவுகளுக்கும் போகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் சிங்கப்பூரின் உச்சியே 164 மீட்டர் புக்கிட் தீமாதான். பனியைப் பார்க்காமலே வளர்ந்த நாம், ஒரு சரிவின் பனி இன்றைக்கு நிற்குமா, பனிச்சரிவாக இடிந்து விழுமா என்பதை எதை நம்பி முடிவு செய்வது?

எனக்கும் என் மச்சானுக்கும் இதில் நெடுநாள் வழக்கு. "பனிச்சரிவு முன்னறிவிப்பு அறிக்கையை எங்கேயோ உட்கார்ந்து எழுதுறாங்க. நாமளே குழி தோண்டிப் பார்த்தா பனியே சொல்லிடும்" என்பது அவர் கட்சி. நான் அறிக்கையின் பக்கம்.

அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. மலைப்பனி ஒரே கட்டி அல்ல, ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. நடுவில் சர்க்கரை மாதிரி ஒட்டாத படிகங்கள் தங்கிவிட்டால், மேலே இறுகிய பனி பலகையாகப் பெயர்ந்து வழுக்கிவிடும். குழியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 90 செ.மீ. அகலமும் சரிவின் மேல்நோக்கி 30 செ.மீ. நீளமும் உள்ள ஒரு தூணை வெட்டிப் பிரித்து, ஒரு முனையில் மண்வாரியை வைத்துத் தட்டுவார்கள். மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. விரிசல் சட்டென்று மறுமுனை வரை ஓடினால் அந்தச் சரிவை விட்டுவிட வேண்டியதுதான்.

ஓடவில்லை என்றால்? இங்கேதான் நான் அவரோடு ஒத்துப்போவதில்லை. காற்று பனியைச் சீராகப் படிய விடுவதில்லை. 20 மீட்டர் தள்ளித் தோண்டினால் வேறு விடை வரலாம். தோண்டிய இடமும் தட்டிய விதமும் தவறாக இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் அனுபவம், ஆண்டுக்கு ஒரு வாரம் பனியில் நிற்கும் நமக்கு இல்லை. நல்ல விடை கிடைத்த குழியை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்வதுதான் எனக்குப் பெரிய பயம்.

அறிக்கை எழுதுபவர்கள் பருவத்தின் முதல் பனியிலிருந்து அந்த மலையைத் தொடர்ந்து பார்த்து வருபவர்கள். நியூசிலாந்தில் மலைப் பாதுகாப்பு மன்றம் வட்டார வாரியாக வெளியிடுகிறது. அபாயத்துக்கு ஐந்து படிகள். மூன்றாம் படியை 'நடுத்தரம்' என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு படிக்கும் அபாயம் மடங்குகளில் ஏறுகிறது. மூன்றில் ஒரு மனிதரின் எடையே பனிச்சரிவைக் கிளப்பக்கூடும். பலர் உயிரிழப்பதும் இந்தப் படியில்தான். எண்ணைவிட முக்கியம் அதன் கீழே இருப்பது: எந்த உயரத்தில், எந்தத் திசை பார்த்த சரிவில், எந்த வகைப் பனி. குறை என்னவென்றால், அறிக்கை பெரிய பரப்புக்கானது. உங்கள் காலடியில் உள்ள சரிவைப் பற்றி அது பேசாது.

நிசேக்கோவில் இன்னொரு வசதி: எல்லைக்கு வெளியே போக வாயில்கள் உண்டு. மூடியிருந்தால் போகக்கூடாது, கயிற்றுக்கு அடியில் நுழையவும் கூடாது. ஆனால் வாயில் திறந்திருப்பதால் வெளியே ஆபத்தில்லை என்று ஆகாது.

அறிக்கை விட்ட இடத்தை நிரப்புவது குழி அல்ல, சாய்வுக் கோணம் என்பது என் முடிவு. பலகையாகப் பெயரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைக்குள் கிளம்புகின்றன. உங்கள் புளோக் படிக்கட்டின் கைப்பிடியில் கைப்பேசியை வைத்து அளந்து பாருங்கள், ஏறக்குறைய அந்தக் கணக்குக்குள்தான் வரும். அந்தச் சாய்வைக் கண்ணுக்குப் பழக்கிவிட்டுப் போங்கள். அறிக்கை மூன்றாம் படி என்றால் 30 பாகைக்குக் கீழேயே இருங்கள், மேலே செங்குத்தான சரிவு தொங்கும் இடத்தின் அடியிலும் நிற்காதீர்கள். காலடியில் 'வூம்ப்' என்று பனி அமுங்கினாலோ, சறுக்குக்கட்டையிலிருந்து விரிசல் ஓடினாலோ, பக்கத்தில் புதிதாகச் சரிந்த தடம் தெரிந்தாலோ, அறிக்கை முதல் படி என்று சொன்னாலும் திரும்பிவிடுங்கள்.

இந்த ஜூனில் மச்சானும் நானும் நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுன் போகிறோம். ஹொக்கைடோவில் பழகிய கையோடு, வெயில் படாத பக்கம் வடக்கு என்று வரைபடத்தில் குறித்து வைத்திருந்தார். தென்பாதி உலகத்தில் அது தெற்கு. பழைய அறிக்கை ஒன்றைத் திறந்து, எந்தத் திசை பார்த்த சரிவில் அபாயம் என்று காட்டும் திசை வட்டத்தைக் காட்டினேன். மண்வாரியையும் எடுத்துக்கொண்டுதான் வருவார். புதைந்தவரைத் தோண்டி எடுக்க அது கட்டாயம் வேண்டும்.