முறுக்குக் கடைக்கு எந்தத் தரவு: ஓப்பன் டோசமா, நூலகத் தரவுத்தளமா?

கோலாலம்பூர் செந்தூலில் முறுக்கு விற்கும் சிறு நிறுவனத்துக்கு, பல்கலைக்கழகப் பாடப் பணியாகச் சந்தைப்படுத்தல் திட்டம் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் யார் என்பதற்கு ஆதாரம் வேண்டும்.

மலேசியப் புள்ளிவிவரத் துறையின் ஓப்பன் டோசம் தளம் இலவசம். மக்கள்தொகை, குடும்ப வருமானம் ஆகியவற்றை மாவட்டம், தொகுதி வாரியாகப் பார்க்கலாம். 2022இல் நாட்டின் இடைநிலைக் குடும்ப வருமானம் (பாதிக் குடும்பங்கள் இதற்குக் கீழே, பாதி மேலே) மாதம் 6,338 ரிங்கிட். விலை நிர்ணயப் பகுதியை இதுபோன்ற எண்ணிலிருந்து தொடங்குங்கள். "மக்களிடம் வாங்கும் சக்தி இருக்கிறது" என்ற வெற்று வாக்கியம் எந்த விரிவுரையாளரையும் நம்பவைக்காது.

ஆனால் நொறுக்குத்தீனிச் சந்தையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை ஓப்பன் டோசம் சொல்லாது. அதற்குப் பல்கலைக்கழக நூலகம் சந்தா கட்டிப் பெறும், யூரோமானிட்டர் பாஸ்போர்ட் போன்ற சந்தை ஆய்வுத் தரவுத்தளம் தேவை. மாணவர் கணக்கு வழியாகத்தான் நுழைய முடியும். எது கிடைக்கும் என்பது நூலகத்துக்கு நூலகம் மாறும். நூலகரைத் தயங்காமல் கேளுங்கள், தேடுசொல்லைத் திருத்தித் தருவதும் அவர் வேலைதான். குறை என்னவென்றால், எண்கள் பெரும்பாலும் நாடு தழுவியவை; செந்தூல் கடைத்தெரு அவற்றில் தெரியாது.

மேற்கோளிலும் வேறுபாடு உண்டு. ஏபிஏ என்ற மேற்கோள் முறையின் ஏழாம் பதிப்பின்படி, அடிக்கடி மாறும் இணைய அட்டவணைக்கு எடுத்த தேதியைக் குறிப்பிட வேண்டும். ஒரு தரவுத்தளத்தில் மட்டுமே கிடைக்கும் அறிக்கைக்கு அந்தத் தரவுத்தளத்தின் பெயர் அவசியம்.

என் தேர்வு ஓப்பன் டோசம்தான். போட்டியாளர் பகுதிக்கு மட்டும் நூலகத் தரவுத்தளத்தைத் திறப்பேன்.