ஒலிவியரா, கீல்குட்டா?

1935இல் லண்டன் நியூ தியேட்டரில் ‘ரோமியோ ஜூலியட்’ மேடையேறியது. இயக்கியவர் ஆங்கிலேய நடிகர் ஜான் கீல்குட். அவரும் இன்னோர் ஆங்கிலேய நடிகரான லாரன்ஸ் ஒலிவியரும் ரோமியோ, அவன் நண்பன் மெர்குஷியோ ஆகிய வேடங்களை மாற்றி மாற்றி ஏற்றார்கள். இருவரையும் ஒப்பிட இதைவிட நல்ல வாய்ப்பு ரசிகர்களுக்கு வாய்த்திருக்காது. கீல்குட்டின் பலம் குரல். ஷேக்ஸ்பியரின் வரிகளை இசைபோல ஏற்றி இறக்குவார். ஒலிவியரோ உடல் முழுவதாலும் நடித்தார். கவிதையைச் சரியாகச் சொல்லவில்லை என்று விமர்சகர்கள் அவரைக் கடிந்தார்கள்.

திரையில் நிலைமை தலைகீழ். ஒலிவியரே இயக்கி நடித்த ‘ஹாம்லெட்’ (1948) சிறந்த படம், சிறந்த நடிகர் உள்ளிட்ட ஆஸ்கர் விருதுகளை வென்றது. 1963இல் நாடகங்களை மேடையேற்றத் தொடங்கிய பிரிட்டனின் நேஷனல் தியேட்டர் நாடக நிறுவனத்துக்கும் அவர்தான் முதல் இயக்குநர். கீல்குட்டுக்குத் திரைப்புகழ் தாமதமாகத்தான் வந்தது. ‘ஆர்தர்’ படத்தில் பணியாளராக நடித்துத் துணை நடிகருக்கான ஆஸ்கரைப் பெற்றபோது அவருக்கு வயது 77! ‘காந்தி’ படத்தில் வைஸ்ராய் இர்வின் பிரபுவாக வந்தவரும் அவரே.

ஷேக்ஸ்பியருக்குப் புதியவர்கள் ஒலிவியரிடம் தொடங்கலாம். காட்சியின் வேகம் கதையை இழுத்துச் செல்லும். மொழியின் அழகு வேண்டுமென்றால் என் தேர்வு கீல்குட்தான். 1953ஆம் ஆண்டின் ‘ஜூலியஸ் சீஸர்’ படத்தில் சீஸருக்கு எதிராகச் சதிசெய்யும் கேசியஸாக அவர் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள்.