கனமான ஜிக்கை வீச ஸ்பின்னிங் ரீலா, உருளை ரீலா?

அமெரிக்காவின் சான் டியேகோவிலிருந்து புறப்படும் மீன்பிடிப் படகுகளில், நீலத்துடுப்புச் சூரைக் கூட்டம் தொலைவில் மேலெழுந்து நுரைக்கும்போது, 100 கிராமுக்கும் கூடுதலான ஜிக்கை, அதாவது உலோகப் போலி இரையை, அதன் முன்னால் வீசச் சில நொடிகளே கிடைக்கின்றன. தூண்டில் நூல் சுற்றிய வட்டில் சுழலாமலே நூல் தானே உதிர்ந்து செல்லும் பெரிய ஸ்பின்னிங் ரீல், எதிர்காற்றிலும் பெரும்பாலும் சிக்கலின்றி வீச இடமளிக்கிறது. நூல் சுற்றிய உருளையே சுழன்று நூலை விடும் உருளை ரீலிலோ, ஜிக்கின் வேகத்தை உருளையின் சுழற்சி மிஞ்சினால் நூல் பந்துபோல் சிக்கிக்கொள்ளும் என்பதால், கட்டைவிரலால் அதை அளவோடு அழுத்த நீண்ட பழக்கம் வேண்டும். அகன்ற, கனமான இரட்டை வேக (உயர்ந்த, தாழ்ந்த என இரு கியர்கள் கொண்ட) உருளை ரீல்களில் இது இன்னும் கடினம்.

மீன் மாட்டியபின் என் மதிப்பீடு மாறுகிறது. ஸ்பின்னிங் ரீலில் நூல் செங்கோணமாகத் திரும்பி வட்டிலில் ஏறுவதால், சுற்றும் கையின் வலிமையில் ஒரு பகுதி வீணாகிறது. இரட்டை வேக உருளை ரீல் நூலை நேராகச் சுற்றுவதுடன், தாழ்ந்த கியருக்கு மாற்றினால், படகுக்கு அடியில் வட்டமிடும் 50 கிலோ மீனையும் சிறிது சிறிதாக உயர்த்துகிறது.