பிண்ட்: இயற்பியல் வகுப்பில் அலகைத் தவறவிடாத பைத்தான் லைப்ரரி

கல்லூரியில் பரிமாணப் பகுப்பாய்வு (சமன்பாட்டின் அலகுகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது) பெரும்பாலும் முதல் வாரத்தோடு முடிந்துபோகிறது. அதற்குப் பிறகு மாணவர்கள் கணினியில் போடும் 9.8 வெறும் எண்தான். பிண்ட் அந்த எண்ணோடு அலகையும் ஒட்டிவைக்கிறது. இலவசம், பைத்தானின் நிறுவல் கருவியான பிப் வழியாக ஒரே வரியில் நிறுவிவிடலாம்.

s = ut + ½at² என்ற இடப்பெயர்ச்சிச் சமன்பாட்டில் வர்க்கத்தை மறந்து ½ × முடுக்கம் × நேரம் என்று எழுதிப் பாருங்கள். கூட்டும் இடத்திலேயே நின்றுவிடும்: ஒருபக்கம் மீட்டர், மறுபக்கம் மீட்டர்/செகண்ட் என்று இரண்டின் பரிமாணத்தையும் காட்டும். ஆனால் அந்த ½-ஐ விட்டுவிட்டால் வாய் திறக்காது. இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் செய்துகாட்டுவது அவசியம்.

பிண்டின் சிறந்த பகுதி பக்கிங்ஹாம் பை தேற்றத்துக்கான கட்டளை. கொடுத்த அளவுகளைப் பெருக்கி வகுத்துப் பரிமாணமற்ற தொகுதிகளாக்கும் தேற்றம் அது. தனி ஊசலின் அலைவுநேரம், நிறை, நீளம், ஈர்ப்பு முடுக்கம் நான்கையும் கொடுத்தால் நேரம்² × முடுக்கம் ÷ நீளம் என்ற ஒரே தொகுதி வருகிறது. நிறை கழன்றுவிடுகிறது, மற்ற மூன்றிலும் கிலோகிராம் இல்லாததால் அதை அடித்துவிட ஆளில்லை. முதலில் கையால் அடுக்குகளைச் சமன்செய்ய வைத்து, பிறகு இதைக் காட்டுங்கள். 2π மட்டும் வராது. அதற்கு ஊசலை ஆட்டி அளக்கத்தான் வேண்டும். கோளத்தின் மீதான இழுவிசைக்கு 5 அளவுகள், 3 பரிமாணங்கள், 2 தொகுதிகள். அவை ரெனால்ட்ஸ் எண் போன்ற, பாய்ம ஓட்டத்தில் பழகிய பரிமாணமற்ற எண்களாகவே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம், பெருக்கி வகுத்துத்தான் பழகிய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

குறைகளில் மோசமானது ஹெர்ட்ஸ். 1 ஹெர்ட்ஸை ரேடியன்/செகண்டாக மாற்றச் சொன்னால் 6.28 வராது, 1 என்றே வரும். ரேடியனுக்குப் பரிமாணம் இல்லை. திருப்பு விசையை ஜூலாக மாற்றினாலும் தடுக்காது, இரண்டின் பரிமாணமும் ஒன்றே. செல்சியஸை நேரடியாகப் பெருக்கினால் பிழை காட்டுகிறது, அது நல்லதே. தானாகக் கெல்வினாக்கும் அமைப்பும் உண்டு, வகுப்பில் அதை இயக்காதீர்கள்.

ஜூபிட்டர் நோட்புக்கில் ரெஜிஸ்ட்ரி (பிண்டின் அலகுப் பட்டியல்) உருவாக்கும் செல்லை, அதாவது அந்தக் குறிநிரல் கட்டத்தை, மறுபடி ஓட்டினால், பழைய மீட்டரும் புது மீட்டரும் சேராது. எல்லா செல்களையும் மேலிருந்து ஓட்டுங்கள். சைபை என்ற அறிவியல் கணிப்பு லைப்ரரியில் வகைக்கெழுச் சமன்பாடு தீர்க்கும்போது அலகைக் கழற்றியாக வேண்டும். அப்போது முதலில் மீட்டருக்கு மாற்றிவிட்டுக் கழற்றுங்கள். இல்லையென்றால் 5 கிலோமீட்டர் சத்தமில்லாமல் 5 ஆகிவிடும்.